அடுத்த போரை ஊகித்தவர்கள்: அமெரிக்க ஜெட் போர் விமானங்கள் உருவான விதம்

அமெரிக்காவின் முதல் ஜெட் போர் விமானம் தரையில் நின்ற நேரமெல்லாம் அதன் மூக்கில் ஒரு போலிப் புரொப்பல்லரை மாட்டி வைத்திருந்தார்கள். 1942 அக்டோபர் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மியூராக் உலர் ஏரிப் படுகையில் முதன்முதலாகப் பறந்த பெல் பி-59 விமானம் அது. யார் கண்ணிலாவது பட்டால் வழக்கமான விமானம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இந்த ஏற்பாடு. சரி, பறக்கும்போது போலிப் புரொப்பல்லரை மாட்ட முடியாதே? அதற்கு ஜாக் வூலம்ஸ் என்ற சோதனை விமானி ஒரு வழி கண்டுபிடித்தார். கொரில்லா முகமூடி, தலையில் ஒரு வட்டத் தொப்பி, வாயில் சுருட்டு. பக்கத்தில் பறந்துவந்து எட்டிப் பார்த்த பயிற்சி விமானி ஊருக்குத் திரும்பி, 'புரொப்பல்லர் இல்லாத விமானத்தை ஒரு குரங்கு ஓட்டிக்கொண்டு போனது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இத்தனை பூட்டுப் போட்டுக் காத்த அந்த விமானம் உண்மையில் ஒரு ஏமாற்றம். மணிக்கு 660 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வேகம் வந்தது. புரொப்பல்லரோடு பறந்த பி-51 மஸ்டாங்கே 700-ஐத் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. பி-59 எந்தப் போரிலும் கலந்துகொள்ளவில்லை. எஞ்சினும் சொந்தச் சரக்கு இல்லை. பிரிட்டனில் ஃபிராங்க் விட்டில் உருவாக்கிய ஜெட் எஞ்சினை 1941-இல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் தலைவர் ஹாப் ஆர்னால்ட் நேரில் பார்த்துவிட்டு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு எஞ்சினும் வரைபடங்களும் அட்லான்டிக் கடலைத் தாண்டி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைக்கு வந்துசேர்ந்தன. அடுத்த ஏப்ரலிலேயே அதன் அமெரிக்க வடிவம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த லின் ஆலை நமக்கும் சம்பந்தமில்லாத இடம் அல்ல. கோவை சூலூரில் தேஜஸ் படைப் பிரிவு தொடங்கியதே, அந்த விமானத்தின் எஃப்404 எஞ்சின் அங்கேதான் தயாராகிறது. 2021-இல் தேஜஸைத் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனம் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில்!

ஜெட் போர் விமானங்களின் வரலாற்றை முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று அடுக்கிக்கொண்டு போவது வழக்கம். வேகமும் உயரமும் ஏறிக்கொண்டே போன ஒரு படிக்கட்டு மாதிரி தோன்றும். ஆனால் அப்படிப் படித்தால் ஏன் அந்தந்த விமானம் அந்தந்த வடிவில் வந்தது என்பது பிடிபடாது. ஒரு விமானம் காகிதத்தில் தொடங்கிப் படைக்கு வந்துசேர ஐந்து ஆண்டு முதல் இருபது ஆண்டுவரை ஆகிறது. ஆகவே அதை வரைபவர்கள், இனி வரப்போகும் போர் எப்படி இருக்கும் என்று ஊகித்துத்தான் வரைய வேண்டும். அமெரிக்கர்களின் ஊகம் பெரும்பாலும் தப்பாகவே போயிருக்கிறது. அந்தத் தப்பைத் திருத்த அடுத்த விமானம் வந்தது. அதற்குள் வேறொரு தப்பு உட்கார்ந்திருந்தது.

பி-59 சொதப்பியதும் 1943 ஜூனில் லாக்ஹீட் நிறுவனத்திடம் வேலை போனது. கெல்லி ஜான்சன் என்ற பொறியாளர் 180 நாளில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பர்பேங்க் ஆலையில் ஒரு சிறிய குழுவைத் தனியே ஒதுக்கி 143 நாளில் முடித்தார். பிற்பாடு உளவு விமானங்களுக்கும் ராடாரை ஏமாற்றும் விமானங்களுக்கும் பேர்போன 'ஸ்கங்க் வொர்க்ஸ்' பிறந்தது அங்கேதான். பி-80 என்ற அந்த விமானம் 1944 ஜனவரி 8 அன்று பறந்தது. நல்ல விமானம்தான், ஆனால் ஆட்களைக் காவு வாங்கியது. அமெரிக்காவிலேயே அதிகமாக 40 எதிரி விமானங்களை வீழ்த்திய ரிச்சர்ட் பாங், பசிஃபிக் போர்முனையில் இருந்து பத்திரமாகத் திரும்பி வந்து, ஒரு பி-80 கிளம்பும்போது எரிபொருள் பம்ப் செயலிழந்து இறந்தார். அன்று 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள்.

யாலு ஆற்றின் மேலே

1950 நவம்பரில் கொரிய வானில், சீன எல்லையான யாலு ஆற்றின் பக்கம், பின்னோக்கி வளைந்த சிறகுகளோடு சோவியத் தயாரிப்பான மிக்-15 வந்து நின்றபோது அமெரிக்க விமானப் படைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே இருந்த எஃப்-80 (பழைய பி-80-தான், பெயர் மாறியிருந்தது) போன்றவை எல்லாம் நேர்ச் சிறகு விமானங்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நேர்ச் சிறகில் காற்றின் எதிர்ப்பு தடாலென்று ஏறிவிடும். சிறகைப் பின்னோக்கிச் சாய்த்தால் அந்தச் சிக்கலைத் தள்ளிப்போடலாம் என்பதை ஜெர்மானியர்கள் போரின்போதே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். 1945-இல் அந்த ஆவணங்கள் சோவியத்துக்கும் கிடைத்தன, அமெரிக்காவுக்கும் கிடைத்தன.

நார்த் அமெரிக்கன் நிறுவனம் அப்போது ஒரு நேர்ச் சிறகு ஜெட்டை வரைந்து முடிக்கும் கட்டத்தில் இருந்தது. ஜெர்மன் தரவுகளைப் பார்த்துவிட்டு, தாமதமானாலும் பரவாயில்லை என்று சிறகை 35 பாகை சாய்த்து மறுபடி வரைந்தார்கள். அதுதான் எஃப்-86 சேபர். 1947 அக்டோபர் 1 அன்று முதலில் பறந்தது. இந்த ஒரு தாமதம் இல்லாமல் போயிருந்தால் கொரியாவில் மிக்-15-க்கு எதிரே நிறுத்த அமெரிக்காவிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

மிக்கின் எஞ்சின் கதை அதைவிடச் சுவாரசியம். பிரிட்டிஷ் அரசு 1946-இல் ரோல்ஸ்-ராய்ஸ் நேனே எஞ்சின்களைச் சோவியத் யூனியனுக்கு விற்க அனுமதித்தது. சோவியத் பொறியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து அதேபோலச் செய்து மிக்-15-இல் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் பேந்தர் விமானமும் உரிமம் பெற்றுச் செய்த அதே நேனேயில்தான் பறந்தது. 1950 நவம்பர் 9 அன்று ஒரு பேந்தர் ஒரு மிக்-15-ஐச் சுட்டு வீழ்த்தியது. ஒரே பிரிட்டிஷ் எஞ்சினின் இரண்டு வாரிசுகள் அன்று கொரிய வானில் மோதிக்கொண்டன.

சேபர்கள் டிசம்பரில் வந்து சேர்ந்தன. காகிதத்தில் மிக்-15 ஒரு படி மேலே. வேகமாக ஏறும், இன்னும் உயரத்தில் பறக்கும், ஒரு 37 மில்லிமீட்டர் பீரங்கியும் இரண்டு 23 மில்லிமீட்டர் பீரங்கிகளும் சுமக்கும். சேபரில் இருந்தவை ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். ஆனால் சேபர் விமானிக்குச் சுற்றிலும் பார்க்கக் குமிழ் போன்ற கண்ணாடிக் கூரை இருந்தது. இலக்கின் தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ராடார் குறிபார்ப்பான் இருந்தது. பின்னால் வந்த சேபர்களில் வால் பகுதியின் கிடைச் சிறகு முழுவதுமே ஹைட்ராலிக் விசையில் அசைந்தது. ஒலி வேகத்தை நெருங்கும்போது மிக்கின் கட்டுப்பாட்டுக் கம்பி இறுகிப்போகும். சேபரின் விமானி சுலபமாகத் திருப்பிக்கொண்டு போவார்.

போர் முடிந்தபோது 792 மிக்குகளை வீழ்த்தினோம், 78 சேபர்களைத்தான் இழந்தோம் என்று அமெரிக்கா கணக்குக் காட்டியது. பத்துக்கு ஒன்று. இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பின்னாளில் இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிட்டவர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். எதிரே மிக்குகளை ஓட்டியவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரில் தேறிய சோவியத் விமானிகள் என்பதும் பனிப்போர் முடிந்தபிறகுதான் வெளிப்படையாகப் பேசப்பட்டது. எண் எதுவானாலும், பத்துக்கு ஒன்று என்பது அமெரிக்க விமானப் படையின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. வியட்நாமில் அது இரண்டுக்கு ஒன்றாக இறங்கியபோது அவ்வளவு வலித்ததற்கு இதுதான் காரணம்.

மிக்-15 ஒன்றைக் கொண்டுவந்து தருபவருக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கா துண்டுப் பிரசுரம் போட்டது. போர்நிறுத்தம் வரும்வரை ஒருவரும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து 1953 செப்டம்பர் 21 அன்று நோ கும்-சோக் என்ற வடகொரிய விமானி கிம்போ தளத்தில் வந்து இறங்கினார். பரிசு விஷயமே தனக்குத் தெரியாது என்றார். அவர் கொண்டுவந்த விமானம் இன்றும் ஓஹாயோ மாநிலம் டேட்டன் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சேபரை நம் பக்கத்திலும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பாகிஸ்தானிடம் இருந்த சேபர்களோடுதான் 1965-இலும் 1971-இலும் இந்தியாவின் குட்டி நாட் விமானங்கள் மோதின. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் சேபர்களை எதிர்த்துத் தனியே போராடி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன் 18-ஆம் படைப் பிரிவைச் சேர்ந்தவர். இந்திய விமானப் படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். அந்தப் படைப் பிரிவு 2020-இல் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி எழுப்பப்பட்டது.

அணுகுண்டு மட்டுமே போர் என்று நினைத்த காலம்

கொரியா முடிந்ததும் பாடம் மறந்துபோனது. இனி வரப்போவது அணு ஆயுதப் போர், அதில் விமானங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிவர நேரமே இருக்காது என்று முடிவு கட்டினார்கள். சோவியத் குண்டுவீச்சு விமானங்களை வழியில் மறித்து அழிக்க ஒரு வகை, தாழப் பறந்து அணுகுண்டைப் போட்டுவிட்டு ஓடிவர இன்னொரு வகை. எஃப்-100 தொடங்கி எஃப்-106 வரை நூறு வரிசை எண்களில் வந்த விமானங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும்.

அந்தக் காலத்து மனநிலைக்கு ஒரு காட்சி போதும். ஜீனி என்றொரு ராக்கெட் இருந்தது. வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. அதற்குப் பதில் முனையில் 1.5 கிலோ டன் வெடிசக்தி கொண்ட அணுகுண்டு. குறி கொஞ்சம் தவறினாலும் வெடிப்பே வேலையை முடித்துவிடும் என்று கணக்கு. 1957 ஜூலை 19 அன்று நெவாடா பாலைவனத்தில் ஒரு எஃப்-89 அதை நிஜமாகவே ஏவியது. வெடித்த இடத்துக்கு நேர்க் கீழே விமானப் படை அதிகாரிகள் ஐந்து பேர் தாமாக முன்வந்து நின்றார்கள். பக்கத்தில் 'மக்கள்தொகை 5' என்று எழுதிய பலகை. படம் பிடித்தவரைச் சேர்த்தால் ஆறு. நகரங்களின் மேலே இதை வெடித்தாலும் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று மக்களுக்குக் காட்ட எடுத்த படம் அது.

இந்த வரிசையில் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் கெல்லி ஜான்சனின் கைவண்ணம். கூர்மையான மூக்கு, குட்டையான சிறகு, ஒலியைப்போல இரு மடங்கு வேகம். நேரே போவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. மேற்கு ஜெர்மனி அதை வாங்கி, குண்டுபோடவும் தாழப் பறக்கவும் பயன்படுத்தியது. வாங்கிய 916-இல் 292 விழுந்து நொறுங்கின. 116 விமானிகள் இறந்தார்கள். எஃப்-105 தண்டர்சீஃப் தன் வயிற்றுக்குள் ஒரு அணுகுண்டைச் சுமக்கவென்றே செய்யப்பட்டது. வியட்நாமில் அதன்மேல் சாதாரணக் குண்டுகளைத் தொங்கவிட்டு ஹனோய்க்கு அனுப்பினார்கள். மொத்தம் செய்ததே 833 விமானங்கள், அதில் கிட்டத்தட்டப் பாதி அந்தப் போரில் போனது.

துப்பாக்கி இல்லாத ஃபேன்டம்

எஃப்-4 ஃபேன்டம் 1958 மே 27 அன்று பறந்தது. கடற்படைக்காக மெக்டானல் நிறுவனம் செய்தது. கப்பல் கூட்டத்தை நெருங்கும் குண்டுவீச்சு விமானங்களைத் தொலைவிலேயே ஏவுகணையால் அடிப்பது அதன் வேலை. துப்பாக்கி எதற்கு என்று வைக்கவே இல்லை. இரண்டு எஞ்சின், இரண்டு ஆள், பெரிய ராடார். விமானப் படையும் அதையே வாங்க வேண்டும் என்று பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா வற்புறுத்தினார். மொத்தம் 5,195 விமானங்கள் வந்தன.

வியட்நாமில் முதல் தடையாக வந்தது போர் விதி. வானம் முழுக்க அமெரிக்க விமானங்கள் பறந்ததால், எதிரியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் ஏவக் கூடாது என்று உத்தரவு. கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்துவிட்டால், 20 கிலோமீட்டர் தாண்டி அடிக்கவென்று செய்த ஸ்பாரோ ஏவுகணைக்கு அது மிக அருகு. அதை ஏவியபிறகும் இலக்கின்மேல் ராடாரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் ஈரப்பதத்திலும் கப்பல் தளத்தில் தடாலென்று இறங்கும் அதிர்ச்சியிலும் அதன் மின்னணுக் கருவிகள் பழுதாகின. 1965 முதல் 1968 வரை ஏவிய ஸ்பாரோக்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் இலக்கைத் தொட்டது. ஃபேன்டமின் எஞ்சின்கள் கக்கிய கரும்புகை பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தே தெரிந்தது. எளிய மிக்-17 பீரங்கியோடு வளைந்து வந்து பின்னால் ஒட்டிக்கொண்டது.

சைட்வைண்டர் ஏவுகணை கொஞ்சம் பரவாயில்லை. கலிஃபோர்னியாவின் சைனா லேக் ஆய்வுக் கூடத்தில் வில்லியம் மக்லீன் குழு செய்த எளிய கருவி அது. எஞ்சின் சூட்டை மோப்பம் பிடித்துப் போகும். 1958-இல் தைவான் ஜலசந்தியில் ஏவிய ஒன்று வெடிக்காமல் ஒரு சீன மிக்-17-இல் சொருகிக்கொண்டது. விமானம் அப்படியே தளத்துக்குத் திரும்பியது. சோவியத் பொறியாளர்கள் அதை வாங்கிப் பிரித்து, கே-13 என்று தங்களுடையதைச் செய்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும், 'பிறகு எஃப்-4இ வகையில் துப்பாக்கி வைத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. கடற்படை தன் ஃபேன்டம்களில் கடைசிவரை உள்துப்பாக்கி வைக்கவில்லை. ஆனால் அதிகம் முன்னேறியது கடற்படைதான். கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து, ஏவுகணை செய்யும் ஆலையில் தொடங்கி விமானியின் பயிற்சிவரை எங்கெங்கே கோளாறு என்று துருவிப் பார்த்தது. ஏவுகணையை எந்த எல்லைக்குள் ஏவ வேண்டும் என்பதே பல விமானிகளுக்குத் தெரியவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது. அதன் விளைவாக 1969 மார்ச்சில் மிராமர் தளத்தில் டாப்கன் என்று நாம் அறியும் பள்ளி ஒரு டிரெய்லர் அறையில் தொடங்கியது. மிக்-17 போல நடிக்கச் சிறிய ஏ-4 விமானங்கள். அதற்கு முன்பே, ஈராக் விமானி ஒருவர் இஸ்ரேலுக்குக் கடத்திக்கொண்டு வந்த மிக்-21-ஐ அமெரிக்கா இரவல் வாங்கி நெவாடாவில் ரகசியமாக ஓட்டிப் பார்த்திருந்தது.

1972-இல் வான்போர் மறுபடி தொடங்கியபோது, முன்பு ஒரு விமானத்துக்கு இரண்டு என்று இருந்த கடற்படையின் விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டை நெருங்கியது. 1972 மே 10 அன்று ஐந்தாவது மிக்கை வீழ்த்திய கடற்படை ஜோடி கன்னிங்ஹாமும் டிரிஸ்கலும் ஐந்தையுமே சைட்வைண்டரால்தான் அடித்தார்கள். துப்பாக்கி வைத்த விமானப் படையின் விகிதம் அந்த அளவுக்கு ஏறவே இல்லை. அவர்களும் விழித்துக்கொண்டு 1975-இல் நெல்லிஸ் தளத்தில் ரெட் ஃபிளாக் என்ற போர்ப் பயிற்சியைத் தொடங்கினார்கள். முதல் பத்துப் பறப்புகளில் தப்பிப் பிழைக்கும் விமானி அதற்குப்பிறகு சுலபமாக விழ மாட்டார், ஆகவே அந்தப் பத்தையும் உள்ளூரிலேயே முடித்துவிடலாம் என்பது யோசனை.

பயத்துக்குப் பிறந்த எஃப்-15

1967-இல் மாஸ்கோவை அடுத்த தொமோதெதோவோ விமானக் கண்காட்சியில் மிக்-25 தலைகாட்டியது. பெரிய சிறகு, பிரம்மாண்டமான காற்று வாய்கள். படங்களைப் பார்த்த அமெரிக்கர்கள், இவ்வளவு பெரிய சிறகு என்றால் வளைந்து திரும்புவதிலும் கெட்டியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து பதறிப்போனார்கள். அதற்கு விடையாக, விலை எவ்வளவானாலும் வான்போரில் யாரும் நெருங்க முடியாத விமானம் வேண்டும் என்று எஃப்-15 ஈகிளைக் கேட்டார்கள். தரையில் குண்டுபோடும் வேலைக்காக ஒரு பவுண்டு எடைகூடச் சேர்க்கக் கூடாது என்பது அந்தக் குழுவில் அப்போதைய முழக்கம். 1972 ஜூலை 27 அன்று பறந்தது. எடை குறைவாக இருக்கும்போது எஞ்சின்களின் உந்துவிசை விமானத்தின் எடையையே மிஞ்சும்.

1976 செப்டம்பர் 6 அன்று விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25-ஐக் கடத்திக்கொண்டு ஜப்பானின் ஹாகோடாதே விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நின்றார். பிரித்துப் பார்த்தால் டைட்டேனியத்துக்குப் பதில் பெரும்பாலும் எஃகு. ராடாரில் வெற்றிடக் குழாய்கள். அந்தப் பெரிய சிறகு வளைவதற்காக அல்ல, அந்தக் கனத்தைத் தூக்குவதற்காக. நேர்க்கோட்டில் பாய்ந்து உயரத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானத்தை மறிப்பது ஒன்றே அதன் வேலை. எந்தக் குண்டுவீச்சு விமானம்? அமெரிக்காவின் பி-70. அதை அமெரிக்காவே 1961-இல் கைவிட்டுவிட்டது.

ஆக, வராத ஒரு அமெரிக்க விமானத்துக்குப் பயந்து சோவியத் மிக்-25-ஐச் செய்தது. மிக்-25-ஐத் தப்பாகப் புரிந்துகொண்டு அமெரிக்கா எஃப்-15-ஐச் செய்தது. ஆனால் விளைந்தது என்னவோ வரலாற்றிலேயே மிகச் சிறந்த வான்போர் விமானங்களில் ஒன்று. வானில் 100-க்கு மேல் எதிரி விமானங்களை வீழ்த்தியது, எதிரி விமானத்திடம் ஒன்றுகூட விழவில்லை என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு. வெற்றிகளில் பெரும்பங்கு இஸ்ரேலுடையது.

கடற்படை இதே காலத்தில் எஃப்-14 டாம்கேட்டை எடுத்துக்கொண்டது. மெக்னமாரா இரு படைக்கும் ஒரே விமானம் என்று திணித்த எஃப்-111-இன் கடற்படை வடிவம் கப்பலுக்குத் தாங்காத கனம். 1968-இல் வைஸ் அட்மிரல் தாமஸ் கானலி செனட் குழு முன்னால், எந்த எஞ்சினைப் போட்டாலும் இது தேறாது என்று வெளிப்படையாகச் சொல்லி அதைச் சாகடித்தார். அவருடைய பதவி உயர்வும் அத்தோடு போயிற்று. அதற்குப் பதிலாக வந்த டாம்கேட்டை வாங்கிய ஒரே வெளிநாடு ஷாவின் ஈரான். 1979 புரட்சிக்குள் 79 விமானங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. 2006-இல் அமெரிக்கா தன் டாம்கேட்களை ஓய்வு கொடுத்தபிறகு, உதிரிப் பாகங்கள் சுற்றிவளைத்து ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று பலவற்றை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினார்கள்.

பாய்டும் எஃப்-16-உம்

கொரியாவில் சேபர் ஓட்டிய ஜான் பாய்டுக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு விமானம் இன்னொன்றைவிடச் சிறந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உச்ச வேகமா, உச்ச உயரமா? சண்டையில் யாரும் உச்ச வேகத்தில் பறப்பதில்லை. ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணித வல்லுநரோடு சேர்ந்து, அனுமதி இல்லாமலே தளத்தின் கணினியில் நேரம் எடுத்து, அவர் ஒரு விடை கண்டார். எஞ்சினின் உந்துவிசையில் இருந்து காற்றின் எதிர்ப்பைக் கழி, வேகத்தால் பெருக்கு, எடையால் வகு. வருகிற எண், அந்த நொடியில் விமானத்திடம் எவ்வளவு ஆற்றல் மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். அந்த மிச்சத்தைக் கொண்டு ஏறலாம், வேகம் கூட்டலாம், அல்லது கூர்மையாகத் திரும்பலாம். ஒவ்வொரு உயரத்துக்கும் வேகத்துக்கும் இதை வரைபடமாகப் போட்டு, சோவியத் விமானங்களின் படத்தோடு ஒப்பிட்டார். பல இடங்களில் அமெரிக்க விமானங்கள் பின்தங்கியிருந்தன. ஜெனரல்களுக்கு அது ரசிக்கவில்லை.

எஃப்-15-உம் அவருக்குப் பிடிக்கவில்லை. ரொம்பப் பெரிசு, ரொம்ப விலை. பியர் ஸ்ப்ரே, கர்னல் எவரெஸ்ட் ரிச்சியோனி போன்றவர்களோடு சேர்ந்து எளிய, சிறிய, மலிவான விமானத்துக்கு வாதாடினார். 'ஃபைட்டர் மாஃபியா' என்று அவர்களுக்குப் பெயர் விழுந்தது. அதன் பலனாக ஒய்எஃப்-16, ஒய்எஃப்-17 என்ற இரண்டு மாதிரிகளைப் போட்டிக்கு விட்டார்கள்.

ஒய்எஃப்-16 முதலில் பறந்ததே தவறுதலாகத்தான். 1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டுமே திட்டம். விமானி ஃபில் ஓஸ்ட்ரைக்கர் கட்டுப்பாட்டைச் சற்றே அசைக்க, விமானம் இப்படியும் அப்படியும் ஆட, வாலின் கிடைச் சிறகு தரையில் உரசியது. ஓடுபாதையை விட்டு விலகவும் தொடங்கியது. இனி நிறுத்துவதைவிடப் பறப்பதே பத்திரம் என்று அவர் எஞ்சினை முடுக்கிக் கிளப்பினார். ஆறு நிமிடம் சுற்றிவிட்டு இறங்கினார்.

அந்த ஆட்டத்துக்குக் காரணம் அதன் புதுமைதான். வழக்கமான விமானம் கையை விட்டால் தானே நேராகப் பறக்கும். எஃப்-16 அப்படி அல்ல. உள்ளங்கையில் நிறுத்திய கம்பு போல, விட்டால் சாய்ந்துவிடும். கணினி நொடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருப்பதால்தான் நேராக நிற்கிறது. இயல்பிலேயே நிலை இல்லாததால் திரும்பச் சொன்னதும் சட்டென்று திரும்பும். விமானியின் கைக்கும் சிறகுக்கும் இடையே இரும்புக் கம்பிகள் கிடையாது, மின்கம்பிகள்தான். கட்டுப்பாட்டுக் குச்சி கால்களுக்கு நடுவில் இருந்து வலப் பக்கம் போனது. ஆரம்பத்தில் அது அசையவே அசையாது, கை அழுத்துவதை மட்டும் உணரும். விமானிகளுக்கு அது பிடிபடவில்லை என்று பிறகு ஒரு துளி அசையும்படி மாற்றினார்கள். இருக்கையும் 30 பாகை பின்னால் சாய்ந்திருக்கும்.

1975 ஜனவரியில் ஒய்எஃப்-16 வென்றது. தோற்ற ஒய்எஃப்-17 வளர்ந்து கடற்படையின் எஃப்/ஏ-18 ஆனது. அதற்காகச் செய்த எஃப்404 எஞ்சின்தான் தேஜஸுக்கும் வந்தது. வென்ற விமானத்தில் விமானப் படை பெரிய ராடாரையும் குண்டுபோடும் வசதியையும் சேர்த்தது. தங்கள் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பாய்டின் ஆட்கள் புலம்பினார்கள். நான் இங்கே விமானப் படையின் பக்கம்தான். பாய்டின் கணக்கு இல்லாவிட்டால் எஃப்-16 இல்லை. ஆனால் பகலில், தெளிந்த வானில் சண்டை போட மட்டும் என்று அவர்கள் கேட்டபடியே விட்டிருந்தால் அது 1990-களைத் தாண்டியிருக்காது. 4,600-க்கு மேல் செய்தபிறகும் இன்றுவரை தென் கரோலினாவின் கிரீன்வில் ஆலையில் அது தயாராகிறது.

மறைந்து பறப்பது

ராடார் அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் எப்படிச் சிதறும் என்று பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்ற சோவியத் இயற்பியலாளர் 1962-இல் மாஸ்கோவில் எழுதி வெளியிட்டார். சோவியத் ராணுவம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்த லாக்ஹீட்டின் டெனிஸ் ஓவர்ஹோல்சர், தட்டைப் பலகைகளால் ஆன ஒரு வடிவத்தைக் கணினியில் கணக்கிட்டு வடித்தார். அன்றைய கணினிகளுக்கு வளைவுகளைக் கணக்கிடச் சக்தி போதாது. எஃப்-117 அப்படிக் கோணல்மாணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். பெயரில் எஃப் இருந்தாலும் துப்பாக்கியோ வான் ஏவுகணையோ அதில் கிடையாது, அது முழுக்க முழுக்கக் குண்டுவீச்சு விமானம். 1991-இல் பாக்தாதில் தன்னை நிரூபித்தது. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் கர்னல் சோல்தான் டானியின் பழைய எஸ்-125 ஏவுகணைப் பிரிவு ஒன்றை வீழ்த்திக் காட்டியது.

இதே நுட்பத்தை உண்மையான வான்போர் விமானத்தில் சேர்த்தது எஃப்-22. சோவியத் யூனியனை மனதில் வைத்து 750 விமானங்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1991 ஏப்ரலில் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லை. விமானம் படைக்கு வந்தது 2005 டிசம்பரில். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அதற்கு வேலை எதுவும் இல்லை என்று பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் 2009-இல் எண்ணிக்கையை 187-ஓடு நிறுத்தினார். நட்பு நாடுகளுக்கும் விற்கக் கூடாது என்று ஏற்கெனவே சட்டம் இருந்ததால் ஆலையை உயிரோடு வைக்க வேறு வழி இல்லை. எஃப்-22 வானில் முதன்முதலாக வீழ்த்தியது 2023 பிப்ரவரி 4 அன்று. தென் கரோலினா கடலோரத்தில் மிதந்த சீன பலூன் ஒன்றை.

எஃப்-35-இல் மெக்னமாராவின் பழைய ஆசை திரும்ப வந்தது. விமானப் படை, கடற்படை, மரைன் படை மூன்றுக்கும் ஒரே விமானம். வந்ததென்னவோ பெயரில் ஒன்றான மூன்று விமானங்கள். செங்குத்தாக இறங்கும் பி வகையை 2025-இல் கேரளம் பக்கத்திலேயே பார்த்தது. பிரிட்டிஷ் கடற்படையின் ஒன்று ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கி, பழுதாகி, ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. கேரளச் சுற்றுலாத் துறையே அதை வைத்துக் கிண்டல் விளம்பரம் போட்டது. ஆனால் ஆயிரத்துக்கு மேல் தயாரான விமானம் இது, வாங்க வரிசையில் நிற்கும் நாடுகளும் அதிகம். இடிப்பது பராமரிப்புச் செலவுதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2024-இல் சொன்ன மதிப்பீட்டில் அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களை அவற்றின் ஆயுள் முழுக்கப் பராமரிக்க மட்டும் 1.58 லட்சம் கோடி டாலர். துப்பாக்கி வழக்கும் இன்னும் தீரவில்லை. ஏ வகையில் உள்ளேயே 25 மில்லிமீட்டர் துப்பாக்கி இருக்கிறது. மற்ற இரண்டிலும் இல்லை, தேவைப்பட்டால் வெளியே மாட்டிக்கொள்ளலாம்.

எஃப்-22 எண்ணிக்கை போதாது, எஃப்-35-ஐ மட்டும் வைத்து எல்லா இடத்தையும் நிரப்ப முடியாது என்பதால், 1972-இல் பறந்த எஃப்-15-ஐயே புது மின்னணுக் கருவிகளோடு எஃப்-15இஎக்ஸ் என்று 2021 முதல் மறுபடி வாங்க ஆரம்பித்தார்கள்.

இப்போதைய ஊகம் சீனாவைப் பற்றியது. 2025 மார்ச் 21 அன்று போயிங் நிறுவனத்துக்குக் கொடுத்த எஃப்-47-இல் வேகத்தைவிட முக்கியமாகப் பேசப்படுவது தூரம். கிளம்பிய இடத்தில் இருந்து போய்ச் சண்டை போட்டுத் திரும்பக்கூடிய எல்லை எஃப்-22-க்கு 1,100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எஃப்-47-க்கு 1,850-க்கு மேல் என்கிறது விமானப் படை. கூடவே பறந்து உதவ ஆளில்லா விமானங்களும் வரும் என்கிறார்கள். ஐரோப்பாவில் தளத்துக்கும் எல்லைக்கும் இடையே சில நூறு கிலோமீட்டர்தான் என்பதால் முந்தைய விமானங்களுக்கு இது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பசிஃபிக்கில் குவாம் தளத்தில் இருந்து தைவானுக்கே சுமார் 2,700 கிலோமீட்டர். அங்கிருந்து கிளம்பினால் எஃப்-47-உம் வானிலேயே எரிபொருள் வாங்கித்தான் ஆக வேண்டும். அதை ஊற்றும் டேங்கர் விமானங்கள் பெரியவை, மெதுவானவை, ராடாரில் பளிச்சென்று தெரிபவை. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் கேசி-135. அந்த வகையில் கடைசி விமானம் படைக்கு வந்தது 1965-இல்.